முன் டிஃபரன்சியலுக்கு எதைப் போடுவது? திருகோணமலைப் பக்கம் ஃபோர் வீல் கெப் ஓட்டத் தொடங்குவோருக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில் தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கத்து வயல் பாதைகளில் ஃபோர் வீல் கெப் ஒன்று புதைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபோர் வீல் போட்டாயிற்று, எஞ்சின் இரைகிறது. ஆனால் முன்னால் ஒரு சில்லும், அதற்குக் குறுக்கு மூலையில் பின்னால் ஒரு சில்லும் மட்டும் சேற்றை வாரி இறைக்கின்றன. மற்ற இரண்டும் அசைவதே இல்லை. பக்கத்தில் நிற்கிற யாராவது "முன்னுக்கும் பின்னுக்கும் டிஃப் லொக் போடுங்கோ" என்பார். அடுத்த கிழமையே கராஜுக்குப் போய் விலை கேட்பவர்களும் உண்டு.

டிஃப் லொக் என்பது ஓர் அச்சின் இரண்டு சில்லையும் ஒரே தண்டு போலச் சேர்த்துச் சுழல வைப்பது. பின் அச்சுக்கு லொக் தெரிவு செய்வது ஓரளவு இலகு. முன் அச்சுக்கு இரண்டு வேலை: வாகனத்தை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இழுவையைக் கூட்டப் போடுகிற எதுவும் திருப்பத்தில் கொஞ்சமாவது கை வைக்கும். எவ்வளவு கை வைக்கலாம் என்பதை உங்கள் வாகனமும் நீங்கள் போகிற நிலமும்தான் சொல்ல வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் போவதற்கு முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்துகொள்ளுங்கள்.

1. இப்போது இருப்பது என்ன செய்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

ஒரு டபுள் கெப், ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்து ஒரு வட்டம் அடித்தால், உள்பக்க முன் சில்லை விட வெளிப்பக்க முன் சில்லு ஏழெட்டு மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டு சில்லும் ஒரே இரும்புத் தண்டில் இறுகியிருந்தால் இது நடக்காது. ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கத்தான் டிஃபரன்சியல். உள்ளே இருக்கிற சிறு பல்சக்கரங்கள் ஒரு பக்கத்தை வேகமாகவும் மறுபக்கத்தை மெதுவாகவும் சுழல விடுகின்றன.

சாதாரண டிஃபரன்சியலை ஓப்பன் டிஃப் என்கிறோம். அது இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. சேற்றில் கிடக்கிற இடது சில்லு 100 நியூட்டன் மீட்டர் வந்தாலே வழுக்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். அப்போது காய்ந்த மண்ணில் உறுதியாக நிற்கிற வலது சில்லுக்கும் 100 மட்டுமே போகும். இடது சில்லு காற்றில் தொங்கினால் இரண்டுக்கும் கிட்டத்தட்டப் பூச்சியம். நீங்கள் எக்ஸலரேட்டரை எவ்வளவு அமுக்கினாலும் இது மாறாது.

ஃபோர் வீல் போடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகச் சேர்க்கிறது. முன் அச்சுக்கு உள்ளேயும் பின் அச்சுக்கு உள்ளேயும் எதுவும் சேர்வதில்லை. அதனால்தான் குறுக்கு மூலையில் இரண்டு சில்லுகள் பிடி இழந்தால் நான்கு சில்லு இழுவை வாகனமும் நின்றுவிடுகிறது. வாய்க்கால் கட்டு ஒன்றைச் சாய்வாகக் கடக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

2. உங்கள் வாகனத்தின் விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது, அது பார்ட் டைம் ஃபோர் வீலா, ஃபுல் டைமா என்பது. ஹைலக்ஸ், எல்200, டி-மேக்ஸ் போன்ற பெரும்பாலான கெப்களில் தார் ரோட்டில் பின் அச்சு மட்டும் இழுக்கும். தேவைப்படும்போதுதான் முன் அச்சைச் சேர்ப்போம். டிஃபெண்டர், 80 வரிசை லேண்ட் குரூசரில் பல ஆகியவை நடுவில் இன்னொரு டிஃபரன்சியல் வைத்து நான்கு சில்லையும் எந்நேரமும் இழுக்க வைக்கின்றன. இந்த ஒரு விவரம் மட்டுமே சில வகைகளை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

அடுத்தது முன் அச்சின் கட்டமைப்பு. பழைய ஹைலக்ஸ் எல்என்106, 70 வரிசை லேண்ட் குரூசர், பழைய பட்ரோல், பழைய டிஃபெண்டர் ஆகியவற்றுக்கு முன்னாலும் ஒரே குழாயாக வரும் சொலிட் அச்சு. இப்போது ஓடுகிற கெப்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். டிஃபரன்சியல் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும், அதிலிருந்து இரு பக்கமும் சிவி ஜொயின்ட் (சில்லு திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) வைத்த தண்டுகள் போகும். இந்த வகையில் சில்லு அதிகம் இறங்காது. பள்ளத்தில் முன் சில்லு கெதியாகக் காற்றில் தூக்கிவிடும். ஆக, முன் லொக்கின் தேவை இங்கேதான் கூட. உடையக்கூடிய ஜொயின்ட்டும் இங்கேதான்.

ஹப் (சில்லின் நடுவில் தண்டோடு இணையும் பகுதி) எப்படி என்றும் பாருங்கள். கையால் திருப்பி லொக் செய்கிற ஹப் இருந்தால், அதைத் திறந்துவிட்டால் முன் டிஃபரன்சியலில் என்ன இருந்தாலும் தார் ரோட்டில் அது தெரியாது. ஹப் இல்லாமல் டிஃபரன்சியலின் ஒரு பக்கத் தண்டை மட்டும் தானாகப் பிரிக்கும் அமைப்பு டொயோட்டாக்கள் பலவற்றில் உண்டு. அப்படிப்பட்டதில் தானியங்கி லொக் (சுவிட்ச் இல்லாமல் தானே சேர்ந்து பிரிவது) போட்டால், பிரிக்காத பக்கத்துச் சில்லே டிஃபரன்சியலையும் முன் புரொப்பெல்லர் தண்டையும் எந்நேரமும் சுழற்றிக்கொண்டிருக்கும். ஓடும், ஆனால் தேய்மானமும் அதிர்வும் கூடும்.

பாவித்த வாகனம் என்றால், முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே ஏதாவது போட்டிருக்கிறாரா என்று சோதியுங்கள். சமதளத்தில் பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். ஹப்பை லொக் செய்து, டிரான்ஸ்ஃபர் கேஸை ஃபோர் ஹையில் (வேகமான ஃபோர் வீல் நிலை) வையுங்கள். ஒரு முன் சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் இலகுவாகச் சுற்றினால் ஓப்பன் டிஃப், அல்லது பல்சக்கர வகை லிமிட்டட் ஸ்லிப் (வழுக்கலை ஓரளவு மட்டும் தடுக்கும் டிஃப்; வகைகள் கீழே 4இல்). இறுக்கமாக எதிர்த்துச் சுற்றினால் கிளச் தட்டு வகை. இரண்டும் அசையாமல் நின்றால் உள்ளே லொக் இருக்கிறது.

கடைசியாகப் பல் விகிதம், அதாவது டிஃபரன்சியலின் பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 41 பல்லுக்கு 10 என்றால் 4.1, 43க்கு 10 என்றால் 4.3, 39க்கு 8 என்றால் 4.875. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட உடனேயே இரு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். லொக் வகைகள் சில, குறிப்பிட்ட விகித வரம்புக்கு மட்டுமே செய்யப்படுகின்றன. தண்டு நுழைகிற இடத்தின் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பல்) எண்ணிக்கையும் அப்படித்தான். டிஃபெண்டரில் 10 ஸ்ப்ளைனும் உண்டு, 24 ஸ்ப்ளைனும் உண்டு. வாகனத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிச் சாமான் வாங்காதீர்கள்.

3. எந்த நிலத்தில் ஓடப் போகிறீர்கள்?

திருகோணமலை மாவட்டத்தில் சிறு தூரத்துக்குள் நிலம் மாறிவிடுகிறது. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வரையான கரையில் மணல். கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்களில் களி. வெருகல் பக்கம் ஆற்று மணலும் வண்டலும். உள்ளே காட்டோரப் பாதைகளில் கிரவலும் கல்லும், மழை வெட்டிய பள்ளங்களும்.

மணலுக்கு முன் லொக் அநேகமாகத் தேவையில்லை. நான்கு சில்லும் ஏறக்குறைய ஒரே பிடியில் இருக்கும். எந்தச் சில்லும் காற்றில் தொங்குவதில்லை. அங்கே உதவுவது ரயரின் காற்றைக் குறைப்பதுதான். வழக்கமாக 30 பி.எஸ்.ஐக்கு மேல் ஓடுகிற ரயரை 16 முதல் 18க்கு இறக்கினால் அது நீளமாகத் தட்டையாகி மணலின் மேல் மிதக்கும். தார் ரோட்டுக்கு ஏறுமுன் திரும்ப நிரப்ப ஒரு சிறிய கம்பிரசர் வேண்டும். படகு இழுக்கவும் கரைவலைச் சாமான் ஏற்றவும் கரைக்கு இறங்குகிற தொழிலாளருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் ஓட்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள். கடலாமைகள் மணலில் முட்டையிடுகின்றன, அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சில்லுத்தடம் முட்டையையும் நசுக்கும், குஞ்சு கடலுக்குப் போகிற வழியையும் மறிக்கும்.

களி வேறு. நெல் வயல் களி ரயர் பூவை நிரப்பி அதை வழவழப்பான உருளையாக்கிவிடும். சாலை ரயரோடு லொக் போட்டால் ஒரு சில்லுக்குப் பதிலாக இரண்டு சில்லு சுற்றும், அவ்வளவுதான். ஆழமான பூ உள்ள மட் டெரெய்ன் ரயர்தான் முதலில். அதற்குப் பிறகு பின் லொக் நன்றாக வேலை செய்யும். முன் லொக் இழுவையைத் தரும். ஆனால் ஸ்டீரிங்கை ஒடித்தாலும் கெப் நேராகவே போகப் பார்க்கும். இருபுறமும் வாய்க்கால் ஓடுகிற ஒடுங்கிய கட்டில் இது சின்ன விஷயமல்ல.

பள்ளமும் கல்லும் உள்ள பாதை, வாய்க்கால் கட்டைக் குறுக்கே ஏறி இறங்குவது, மழை அரித்த மேடு: முன் லொக்குக்கு உண்மையான வேலை இங்கேதான். பின் சில்லு இரண்டும் தள்ளிக்கொண்டிருக்க, முன் சில்லில் ஒன்று மேட்டைத் தொட்டு மற்றது தொங்குகிறது. தொட்டுக்கொண்டிருக்கிற சில்லுக்கு இழுவை போனால் முன் பக்கம் ஏறிவிடும். போகாவிட்டால் வேகம் எடுத்து மோத வேண்டும், அப்படி மோதித்தான் தண்டும் சஸ்பென்ஷனும் உடைகின்றன.

ஆகவே கையில் உள்ள பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்டால்: ரயரும் கம்பிரசரும், பிறகு நல்ல இழுவைக் கயிறும் அதைக் கொளுவ உறுதியான கொக்கியும், பிறகு பின் லொக், எல்லாவற்றுக்கும் பிறகு முன் அச்சு. பின் லொக் ஏன் முதலில் என்றால், மேடு ஏறும்போது பாரம் பின்னால் சாய்கிறது, பின் தண்டுகள் தடிமனானவை, திருப்புகிற வேலை அங்கே இல்லை. உங்கள் கெப்பில் கொம்பனியே பின் லொக் வைத்து அனுப்பியிருந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். புதிய கெப்களில் வழுக்குகிற சில்லைப் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு விசை அனுப்பும் டிராக்ஷன் கட்டுப்பாடு இருந்தால், அதைச் சரியாகப் பாவித்துப் பழகாமல் முன் லொக்குக்குப் பணம் போடாதீர்கள். சில்லு கொஞ்சம் சுற்றினால்தான் அது வேலை செய்யும்; பயந்து காலை எடுக்காமல் ஒரே அளவில் எக்ஸலரேட்டரைப் பிடித்திருந்தால் பல இடங்களில் அது கரை சேர்த்துவிடும்.

4. வகைகளை முன் அச்சின் கண்ணால் பாருங்கள்

கிளச் தட்டு லிமிட்டட் ஸ்லிப்பை முன் அச்சுக்கு நான் சொல்லமாட்டேன். ஸ்பிரிங் அழுத்தும் தட்டுகள் இரு பக்கத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்கும். முன்னால் அந்தப் பிடி எந்நேரமும் ஸ்டீரிங்கில் கனமாகத் தெரியும், தட்டுகள் காலப்போக்கில் தேயும், உராய்வைச் சீராக்கும் கலவை சேர்த்த விசேஷ ஒயில் வேண்டும்.

பல்சக்கர வகை லிமிட்டட் ஸ்லிப் வேறு சாதி. டோர்சன், ஈட்டன் ட்ரூட்ராக், குவைஃப் என்ற பெயர்களில் வருபவை இவை. உள்ளே சாய்வாக வெட்டிய பல்சக்கரங்கள், விசை வரும்போது பக்கச் சுவரில் அழுந்தி, வழுக்குகிற பக்கத்தை விட மறுபக்கத்துக்குக் கூடிய விசையை அனுப்புகின்றன. விகிதம் மூன்றுக்கு ஒன்று என்று வைத்தால், சேற்றில் கிடக்கிற சில்லு 100 தாங்கும்போது மற்றதுக்கு 300 வரை போகும். தட்டு இல்லை, தேய்வது குறைவு, சுவிட்ச் இல்லை, குழாய் இல்லை. எக்ஸலரேட்டரை விட்டுத் திருப்பும்போது ஓப்பன் டிஃப் போலவே நடக்கும். எந்நேரமும் முன் அச்சு இழுக்கிற டிஃபெண்டர் போன்றவற்றுக்கு முன்னால் போடத் தகுந்த மென்மையான தெரிவு இதுதான்.

அதன் குறையும் அதே கணக்கில் இருக்கிறது. சில்லு காற்றில் தொங்கினால் பூச்சியத்தை மூன்றால் பெருக்கினாலும் பூச்சியம். இதற்கு ஒரு வழி உண்டு: எக்ஸலரேட்டரை விடாமல் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். தொங்குகிற சில்லுக்குப் பிரேக் ஒரு தடையைக் கொடுக்கும், அந்தத் தடையின் மடங்கு மறுபக்கத்துக்குப் போகும். அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீயில் முன்னும் பின்னும் டோர்சன்தான். அதன் ஓட்டுநர்கள் இந்தப் பிரேக் வித்தையைப் பழகுகிறார்கள். ஓட்டோமெட்டிக் கியர் வண்டியில் இது இலகு. கையால் கியர் மாற்றுவதில் ஃபோர் லோ (மெதுவான, விசை கூடிய ஃபோர் வீல் நிலை) முதல் கியரில் கிளச்சை முழுதாக விட்டபின் இடது காலால் செய்யலாம், பழக்கம் வேண்டும்.

தானியங்கி லொக்கில் இரண்டு விதம். டிஃபரன்சியலின் கூட்டையே மாற்றுகிற டெட்ரொயிட் லொக்கர் போன்றது ஒன்று. இருக்கிற கூட்டுக்குள் சிறு பல்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டுப் போடுகிற மலிவான வகை மற்றது. இரண்டும் சாதாரணமாக லொக்கிலேயே இருக்கும். திருப்பத்தில் வெளிச் சில்லு வேகமாகச் சுற்றப் பார்க்கும்போது கிளிக், கிளிக் என்று அந்தப் பக்கத்தை விடும். எக்ஸலரேட்டர் அழுத்தத்தோடு திருப்பினால் விடாது. ஸ்டீரிங் கையிலிருந்து பறித்துக்கொண்டு நேராக ஓடும். கையால் லொக் செய்கிற ஹப் உள்ள பார்ட் டைம் வாகனம், காட்டுப் பாதையில் மட்டும் ஃபோர் வீல், கையில் காசு குறைவு என்ற மூன்றும் பொருந்தினால் இதை யோசிக்கலாம். ஃபுல் டைம் வாகனத்தின் முன் அச்சில் போடவே வேண்டாம். மழையில் வழுக்குகிற தார் ரோட்டு வளைவில் அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று ஓட்டுநரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கடைசி வகை, நீங்கள் சொன்னால் மட்டும் லொக் ஆவது. சுவிட்ச் தட்டாதவரை அது முழுமையான ஓப்பன் டிஃப். தட்டினால் இரண்டு சில்லும் ஒரே தண்டு போலாகும். முன் அச்சுக்கு இவ்வளவு பொருத்தமாக வேறெதுவும் இல்லை என்பது என் முடிவு, ஏனென்றால் திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. செய்வது காற்றழுத்தத்தால் இயங்குகிறது, சுமார் 100 பி.எஸ்.ஐ. கொடுக்கும் கம்பிரசர் வேண்டும். அதே கம்பிரசரால் ரயருக்கும் காற்றடிக்கலாம் என்பது மணலுக்குப் போகிறவருக்குப் பெரிய வசதி. ஈட்டன், ஹரொப் போன்றோரின் லொக்கர்கள் மின்காந்தத்தால் இயங்குகின்றன, காற்றுக் குழாய் இல்லை. 80 வரிசை லேண்ட் குரூசரில் கொம்பனியே முன்னும் பின்னும் மின் லொக் வைத்த வாகனங்கள் உண்டு.

காற்றா, மின்சாரமா? காற்று வகையில் உள்ளே ரப்பர் சீல்களும் டிஃபரன்சியல் உறைக்குள் நுழைகிற மெல்லிய குழாயும் உண்டு. சீல் கசிந்தால் காற்று டிஃபரன்சியலுக்குள் போய், மூச்சுக்குழாய் (உள்ளே காற்று வந்துபோக வைத்த சிறு குழாய்) வழியே ஒயிலைத் தள்ளும். மின் வகையில் ஒரு கம்பியும் கனெக்டரும் போதும், ஆனால் எங்கள் கடல் உப்பு கனெக்டரைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். கரையோரத்தில் குடியிருப்பவருக்கும் களப்பு நீரில் இறங்குபவருக்கும் காற்று வகையை முதலில் பார்க்கச் சொல்வேன். கம்பிரசரை எஞ்சின் அறையில் உயரமாக வைக்கலாம். அருகில் உள்ள மெக்கானிக்குக்கு இந்த இரண்டில் எதைக் கழற்றிப் பூட்டிப் பழக்கம் என்பது இதைவிட முக்கியம்.

5. உடைவது எங்கே என்று கணக்குப் போடுங்கள்

எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது. முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபரின் லோ 2.5, டிஃபரன்சியல் 4. பெருக்கினால் 12,000. ஓப்பன் டிஃபில் இதில் பாதி முன்னுக்குப் போனாலும் ஒரு பக்கத் தண்டுக்கு அதில் பாதி, 3,000க்கு மேல் வராது. முன் லொக் போட்டு ஒரு சில்லு தொங்கினால் 6,000மும் ஒற்றைத் தண்டில். பின் சில்லுகள் வழுக்கினால் அதைவிடக் கூட. ரயரின் பிடி இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் பெரிய ரயர் போட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

சிவி ஜொயின்ட்டும் பழைய சொலிட் அச்சில் அதே வேலையைச் செய்யும் பேர்ஃபீல்ட் ஜொயின்ட்டும் நேராக இருக்கும்போது பலம் கூடியவை, முழுதாக ஒடிந்திருக்கும்போது பலம் குறைந்தவை. ஸ்டீரிங் முழு ஒடிப்பு, முன் லொக், எக்ஸலரேட்டர் அழுத்தம் மூன்றும் ஒன்றாக வந்தால் ஜொயின்ட் போகும். முன் லொக் போட எண்ணினால் இப்போதே ஜொயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைகளில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள், வட்டம் அடிக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சத்தம் கேட்கிற ஜொயின்ட்டோடு லொக் போட வேண்டாம்.

6. வாங்குவதும் பொருத்துவதும்

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் நாட்டில் பழைய கெப்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றின் உதிரிப்பாகத்தைத் தேடி எங்கள் ஆட்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவது இன்றும் வழக்கம். பாவித்த டிஃபரன்சியல் முழுக்கூடாக, லொக்கோடு சேர்த்துக் கிடைப்பதுண்டு. அப்படி வாங்கினால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரிய பல்சக்கரத்தின் பல்லில் குழி, விளிம்பில் உடைவு, நீலம் பாய்ந்த நிறம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல்லை நீங்களே எண்ணி விகிதத்தைச் சரிபாருங்கள். மின் லொக் என்றால் பட்டரி கொடுத்து அங்கேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கம்பி வயரும் சுவிட்ச்சும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து வராவிட்டால் பிறகு தேடி அலைவீர்கள்.

பொருத்துவது சாதாரண சேவிஸ் வேலை அல்ல. சிறு பல்சக்கரத்தை மட்டும் மாற்றுகிற மலிவு வகையைத் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் டிஃபரன்சியலின் கூட்டையே கழற்றி, பெரிய பல்சக்கரத்தைப் புதிய கூட்டில் முறுக்கி, பல்லோடு பல் சேர்கிற இடைவெளியை மீண்டும் வைக்க வேண்டும். டொயோட்டாவின் 8 அங்குல டிஃபரன்சியலில் அந்த இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். இதை டயல் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் கருவி) இல்லாமல் விரலால் பார்த்து வைக்க முடியாது. பல்லில் வர்ணம் பூசிச் சுற்றி, தொடுகிற தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பார்ப்பார்கள். மெக்கானிக்கிடம் டயல் கேஜ் இருக்கிறதா, தடத்தைக் காட்டுவாரா என்று கேளுங்கள். கேள்வியே பிடிக்காதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். பெயரிங்கையும் சீலையும் பழையதையே திரும்பப் போட விடாதீர்கள்.

காற்றுக் குழாயை எக்ஸ்ஹோஸ்ட் சூட்டிலிருந்து விலக்கி, சஸ்பென்ஷன் முழுதாக இறங்கினாலும் இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். ஒயில் ஜி.எல்-5 தரம், பெரும்பாலும் 80 டபிள்யூ 90. ஆனால் உங்கள் லொக்கின் தாளில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. முதல் 500 அல்லது 1,000 கிலோமீட்டரில் ஒயிலை மாற்றினால் உள்ளே உதிர்ந்த இரும்புத் தூள் வெளியே வந்துவிடும். காப்புறுதிக் கொம்பனிக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

7. ஓட்டிப் பழகுங்கள்

ஈர மண் உள்ள வெற்று வெளி ஒன்றில் முதலில் பழகுங்கள். ஃபோர் லோ, முதல் கியர். சுவிட்ச்சைத் தட்டிய உடனே லொக் ஆகாமல் போகலாம். உள்ளே பல் பொருந்த சில்லு கொஞ்சம் உருள வேண்டும். பனலில் விளக்கு வந்தபின் ஸ்டீரிங்கைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அது எவ்வளவு மறுக்கிறது, வாகனம் எவ்வளவு அகலமான வட்டம் எடுக்கிறது என்று கை பழக வேண்டும்.

உண்மையான பாதையில் வரிசை இப்படி. தடையைப் பார்த்ததும் நிறுத்துங்கள், இறங்கி நடந்து பாருங்கள். முதலில் பின் லொக்கோடு மட்டும் முயலுங்கள். முன் பக்கம் ஏறவில்லை என்றால் பின்னுக்கு எடுத்து, சில்லை நேராக்கி, தடைக்கு முன்பே முன் லொக்கையும் போடுங்கள். சில்லு சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் போடாதீர்கள். பாய்கிற பல்லில் பல்லை விடுவதால் உள்ளே உடையும். நடை வேகத்தில் நேராக ஏறுங்கள். முன் அச்சு கடந்ததும் முன் லொக்கை எடுத்துவிட்டுத்தான் ஸ்டீரிங்கை ஒடிக்க வேண்டும். எடுத்தும் விளக்கு அணையாவிட்டால் தண்டுகளில் முறுக்கு இறுகியிருக்கிறது. சற்றுப் பின்னுக்கு உருட்டினாலோ ஸ்டீரிங்கை இடமும் வலமும் அசைத்தாலோ விட்டுவிடும்.

முன் லொக் போட்டபடி பலமாக ரிவர்ஸ் இழுப்பதைக் குறையுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் சில்லு சுற்றும் வேகத்தோடு திடீரெனக் கல்லில் விழுவது தண்டை முறிக்கும், அதையும் தவிருங்கள். பக்கச் சரிவில் இரண்டு லொக்கும் போட்டால் நான்கு சில்லும் ஒரே நேரத்தில் வழுக்கி வாகனம் கீழ்ப்பக்கம் முழுதாகச் சறுக்கும். குளக்கட்டுச் சரிவில் இது ஆபத்து. அங்கே முன்னதை எடுத்துவிட்டு ஓடுங்கள். காய்ந்த தார் ரோட்டில் முன் லொக்குக்கு வேலையே இல்லை.

8. உப்பும் தண்ணீரும்

சூடான டிஃபரன்சியல் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். மூச்சுக்குழாய் தாழ்வாக இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். முன், பின் இரண்டின் மூச்சுக்குழாயையும் ரப்பர் குழாய் நீட்டி எஞ்சின் அறை உயரத்துக்கோ பின் விளக்கு உயரத்துக்கோ கொண்டுபோங்கள். வெருகல் பக்கம் வெள்ளம் கடக்கிறவர்களுக்கு இது லொக்கை விட முதலில் செய்ய வேண்டிய வேலை. செலவும் மிகக் குறைவு. சில்லு மறையும் அளவு தண்ணீரில் இறங்கிய பின் வடிகால் ஆணியைத் திறந்து நிறம் பாருங்கள். பால் நிறம் என்றால் அன்றே மாற்றுங்கள். உப்பு நீர் என்றால் நிறம் பார்க்கக் காத்திருக்க வேண்டாம்.

கடற்கரையிலிருந்து வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், ஹப்பையும் கனெக்டர்களையும் மறக்காமல். கனெக்டருக்குள் மின் காப்புக் கிரீஸ் கொஞ்சம் பூசிவிடலாம். மழைக்காலம் முடிந்து மாசி முதல் புரட்டாதி வரை முன் லொக் தொடப்படாமலே கிடப்பதுதான் பலருக்கு நடக்கிறது; பிறகு மாரியில் தட்டும்போது அது அசையாது. மாதம் ஒரு தடவை கிரவல் பாதையில் ஹப்பைச் சேர்த்து, ஃபோர் லோவில் மெதுவாக நேரே உருளும்போது லொக்கைப் போட்டு எடுங்கள். கம்பிரசர் நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடினால் எங்கோ காற்று கசிகிறது; சவர்க்கார நீரைக் குழாய் இணைப்புகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.